கேப்பு என்று நாம் சொல்லும் பொட்டு

"தம்பி, முதல் அடிக்கு அமோர்ஸ் வெடிக்கவில்லை, இரண்டாம் அடிக்குத்தான் வெடிக்கிறது. நாயைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், பழுதில்லை. புகைபோக்கியில்தான் ஏதோ கோளாறு" என்றார் பெரியம்மா மகன். புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் குடியேறியவர். நான் கடலூர் முதுநகரில் முப்பது ஆண்டு லேத்துப் பட்டறை வைத்திருந்தவன். சொந்தத்தில் யார் வீட்டில் எந்த இரும்பு மக்கர் செய்தாலும் எனக்குத்தான் தொலைபேசி வரும். அன்றைக்கு மட்டும், அண்ணன் அடுப்பைப் பற்றிப் பேசுகிறாரா, வளர்க்கும் நாயைப் பற்றிப் பேசுகிறாரா என்றே பிடிபடவில்லை.

அவர் பேசியது ஒரு சுழல் துப்பாக்கியைப் பற்றி. 1858 ரெமிங்டன் என்று பெயர் பெற்ற அமெரிக்க ரிவால்வரின் மறுபடைப்பு. இத்தாலியில் இன்றும் செய்கிறார்கள். இதற்குத் தோட்டா கிடையாது. உருளையின் ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தைப் போட்டு, ஈயக் குண்டை வைத்துக் கெட்டிக்க வேண்டும். பிரான்சில் இது ‘டி’ வகை ஆயுதம், வயது வந்தவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதானே என்று விட்டுவிட மாட்டார்கள்.

"அமோர்ஸ் என்றால் என்ன அண்ணா?"

"கேப்புதான்."

"தீபாவளிக் கேப்பா?"

"அதற்குப் பெரியப்பன்" என்றார்.

கேப்பு என்ற சொல்லை அதன்பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஆங்கிலத்தில் தலையில் போடும் தொப்பிக்குப் பெயர் கேப். அதன் வேர் லத்தீன் ‘கப்பா’; முக்காடிட்ட மேலங்கி என்று பொருள். சிறு தேவாலயத்தைக் குறிக்கும் ‘சேப்பல்’ கூட அதே கப்பாவின் வழிவந்ததுதான். துப்பாக்கிக்கு அந்தப் பெயர் ஏறியதற்குக் காரணம் வடிவம்: நான்கு மில்லிமீட்டர் சுமார் விட்டமுள்ள செப்புக் கிண்ணத்தை, தலையில் குல்லாய் கவிழ்ப்பதுபோல, ஒவ்வோர் அறையின் பின்புறமும் உள்ள ஒரு முளையின் மேல் கவிழ்க்கிறார்கள். கிண்ணத்தின் உள்ளடியில் தட்டினால் வெடிக்கும் மருந்து ஒரு பூச்சு இருக்கும். தமிழ் வாய் ‘கேப்’ என்று அப்படியே நிறுத்தாது, உகரம் சேர்த்துக் கேப்பு ஆக்கிவிட்டது. ‘கொஞ்சம் கேப்பு விடு’ என்கிறபோது வருவது இடைவெளியைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கேப்பை போலச் சிறிதாக இருப்பதால் கேப்பு என்று பட்டறையில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னதுண்டு. கேப்பையில் நெய் வடிகிறது என்ற பழமொழியை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பிரெஞ்சு அமோர்ஸ் வேறு வழியில் வந்தது. மீனை இழுக்கப் போடும் இரைக்கும் அதுவே பெயர். ‘கடிக்க வை’ என்ற பழைய வினையிலிருந்து பிறந்தது. தேவனாம்பட்டினத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும். சிறிய நெருப்பை இரையாகக் காட்டிப் பெரிய நெருப்பை வரவழைப்பது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? தொப்பி என்று மாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் தொப்பி இந்துஸ்தானியின் ‘டோபி’. குல்லாய் பாரசீகத்தின் ‘குலாஹ்’. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மூடி தமிழ்தான், ஆனால் எண்ணெய்ப் புட்டிதான் நினைவுக்கு வரும்.

விடை பெட்டிக்கடையிலேயே தொங்குகிறது. சிவகாசியிலிருந்து வரும் அந்தச் சிவப்புத் தாளில் புள்ளி புள்ளியாக மருந்து வைத்திருக்குமே, அதைப் பிள்ளைகள் பொட்டு வெடி என்கிறார்கள். பொட்டு என்றால் புள்ளி, திலகம். அத்தோடு நிற்கவில்லை: ‘பொட்டென்று’ என்பது திடீரென்று எழும் ஓசையையும் காட்டும். வடிவமும் ஓசையும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது கலைச்சொல் ஆக்கக் குழு எதற்கு? பொட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். செப்பில் செய்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் செப்புப் பொட்டு.

மற்ற உறுப்புகளுக்கு இவ்வளவு அலைய வேண்டியதில்லை. அண்ணன் ‘நாய்’ என்றது பொட்டை அடிக்கும் சுத்தியலை. பிரெஞ்சில் அது ‘ஷியேன்’. ஆங்கிலேயர் அதில் சேவலைக் கண்டார்கள், ‘காக்’ என்றார்கள். நாம் கண்டது குதிரை. வீணையில் தந்திகளைத் தாங்கும் உறுப்புக்கும் குதிரை என்றே பெயர். மருந்து என்பதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். தெலுங்கில் ‘மந்து’, பாரசீகம் வழி வந்த ‘தாரூ’, சீனத்தில் ‘நெருப்பு மருந்து’ என்று ஆசியாவின் பாதி, வெடிப்பொடியை மருந்தாகவே பார்த்திருக்கிறது. துப்பாக்கி மட்டும் துருக்கியிலிருந்து வந்தது. வான்சிறப்பு அதிகாரத்தின் 12ஆம் குறளில் ‘துப்பாக்கி’ வருகிறதே என்று கேட்டுப் பட்டிமன்றங்களில் கைதட்டு வாங்குவார்கள். அங்கே அது உணவை ஆக்கி என்ற பொருளில் வருகிறது, சுடாது.

பொட்டு வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? பீரங்கியின் பின்புறத்தில் ஒரு துளை. அதற்குப் பற்றுவாய் என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. அதில் மருந்தைத் தூவி நெருப்பு வைப்பார்கள். எங்கள் ஊரில் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இருப்பது 1690இல் அப்படிச் சுட்ட ஒரு பீரங்கியால்தான் என்பார்கள். மராட்டியரிடம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயருக்கு, பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமும் சேரும் என்று ஏற்பாடு. பின்னால் புனித டேவிட் கோட்டை என்று ஆனது அதுதான். கைத்துப்பாக்கிகளில் சக்கிமுக்கிக் கல் பொறி கக்கியது. ஸ்காட்லாந்தில் ஃபோர்சைத் என்ற பாதிரியாருக்குப் பறவை வேட்டையில் நாட்டம். கல்லின் பொறியைக் கண்டதும், குண்டு போய்ச் சேருவதற்குள் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை. தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். செப்புப் பொட்டு அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது; அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பலர் சண்டை போட்டார்கள். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சாமுவேல் கோல்ட்டின் சுழல் துப்பாக்கி பொட்டை நம்பியே பிறந்தது.

இனி அண்ணனின் கோளாறு. ‘புகைபோக்கி’ என்று அவர் சொன்னது பொட்டு கவிழும் முளையை. பிரெஞ்சில் அது ‘ஷெமினே’. முதல் அடிக்கு வெடிக்காமல் இரண்டாம் அடிக்கு வெடிக்கிறது என்றாலே பட்டறைக்காரனுக்கு விளங்கிவிடும்: முதல் அடியின் வேகம் முழுவதும் பொட்டை முளையின் அடிவரை இறக்குவதிலேயே செலவாகிறது. வெடிக்கவைக்க இரண்டாம் அடி தேவைப்படுகிறது. முளையின் தலை சற்றுத் தடித்திருக்கும், அல்லது பொட்டு ஓர் அளவு சிறியதாக இருக்கும். பதினோராம் எண் பொட்டு வாங்க வேண்டியவர் பத்தாம் எண் வாங்கினாலும் இதே கதைதான். முதலில் மரக்குச்சியால் பொட்டை அழுத்தி உட்காரவைக்கச் சொன்னேன், குழல்வாய் ஆள் இல்லாத பக்கம் பார்த்திருக்க. அப்படியும் சரியாகாவிட்டால், துப்பாக்கியில் மருந்தே இல்லாதபோது முளைகளைக் கழற்றி, நுண்ணிய உப்புத்தாளில் சுழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இளைக்க வேண்டும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் பொட்டு தொளதொளத்துக் கழன்று விழும். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ரெமிங்டன் வகையில் பிடியின் முன்பட்டையில் ஒரு திருகு உண்டு, குதிரையின் வில்லை இறுக்கி வைப்பது அதுதான். அது தளர்ந்திருந்தாலும் அடி மெலிந்துவிடும். அண்ணன் அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

இன்னொரு தொல்லையையும் சொன்னார்: வெடித்த பொட்டின் கிழிசல் குதிரையின் காலடியில் விழுந்து சிக்கிக்கொள்கிறது. உருளைக்கு மேலே இரும்புப் பட்டை இல்லாத பழைய கோல்ட் வகையில் இது இன்னும் மோசம். குதிரையைப் பின்னால் இழுக்கும்போது குழலை வானம் பார்க்க உயர்த்தினால் கிழிசல் வெளியே விழும் என்பது பழைய கைப்பழக்கம். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியாகவும் உப்பாகவும் தங்கிவிடும். அது உருளையின் அச்சில் அப்பிக்கொண்டு சுழலவிடாது. ரெமிங்டனின் அச்சு மெலிது, விரைவில் இறுகும். சுடுவதற்கு முன்பே கொழுப்புத் தடவ வேண்டும், சுட்டபின் வெந்நீரில் கழுவிக் காயவைத்து எண்ணெய் விட வேண்டும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும்.

தட்டியும் வெடிக்காத பொட்டுக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. ஐப்பசி மழையில் கடலூர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் சொல்வது: நமுத்துப்போனது. ஆனால் பெரிய துப்பாக்கியில் நமுத்தது என்று உடனே கையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. தாமதமாக வெடிக்கவும் கூடும். குழலை இலக்கை நோக்கியே நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருக்கச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் பேசினார். திருகை இறுக்கி, இரண்டு முளைகளை மட்டும் இளைத்தாராம். ஆறு பொட்டும் முதல் தட்டிலேயே வெடித்தனவாம். ‘புகைபோக்கி’ என்று தொடங்கி, நிறுத்தி, "முளை" என்றார். நான் இப்போது முளையின் நடுவே உள்ள துளைக்கும் பழைய பற்றுவாய் என்ற பெயரையே கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். நெருப்பு உள்ளே போகிற வழி அதுதானே.