குரோட்டல்: பரல் போட்ட மணிக்குத் தமிழில் என்ன பெயர்?

இங்கிலாந்தின் உழவு வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு தேடுகிறவர்கள் கைக்கு அடிக்கடி வரும் பொருள் குரோட்டல். எலுமிச்சம்பழ அளவிலோ அதைவிடச் சிறியதாகவோ இருக்கும் செம்புக் கலவை உருண்டை. தலையில் வார் கோக்க ஒரு காது, மேற்பாதியில் துளைகள், அடியில் நீளமாக ஒரு பிளவு, உள்ளே இரும்புக் குண்டு. குதிரைச் சேணத்திலும் ஆடுமாடுகளின் கழுத்திலும் கட்டினார்கள். குறுகலான பாதைகளில் எதிரே வண்டி வருவதை இதன் ஒலிதான் முன்கூட்டிச் சொல்லும்.

சொல்லின் வேர் கிரேக்கம். குரோட்டலோன் என்றால் ஆடுகிறவர்கள் கையில் பிடித்துத் தட்டும் தாளக்கட்டை. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வாலை ஆட்டி ஒலியெழுப்பும் அமெரிக்கப் பாம்புக்குக் குரோட்டலஸ் என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். நம் கிலுகிலுப்பைச் செடியின் அறிவியல் பெயர் குரோட்டலேரியா. காய்ந்த காய்க்குள் விதை குலுங்குவதைக் கேட்டே இரு பக்கமும் பெயர் வைத்திருக்கிறார்கள்!

காலம் கணிக்க முதலில் இடுப்பைப் பாருங்கள். இரண்டு அரைக்கோளங்களை ஒட்டிய தடம் தெரிந்தால் பழையது, பெரும்பாலும் இடைக்காலத்தது. ஒரே வார்ப்பாக இருந்தால் பிந்தியது. அடுத்து, அடிப்பிளவின் இருபுறமும் எழுத்து உண்டா என்று பாருங்கள். ‘ஆர்’, ‘டபிள்யூ’ என்றிருந்தால் அது வில்ட்ஷயரில் ஆல்ட்பர்ன் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸின் பட்டறைச் சரக்கு என்று கொள்ளலாம். கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். குலுக்கியும் ஒலிக்கவில்லையென்றால் உள்ளே மண் இறுகியிருக்கும், அல்லது குண்டு துருப்பிடித்துக் கரைந்திருக்கும்.

தமிழில் வெறுமனே ‘மணி’ என்றால் போதாது. மணிக்கு வாய் விரிந்திருக்கும், நா தொங்கும். இதற்கு நா கிடையாது, பரல்தான். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமாக இருந்ததே, அந்தப் பரல். வடிவத்துக்கு இதைவிட நெருங்கிய சான்று திருப்பாவையின் 22ஆம் பாட்டில் இருக்கிறது: “கிங்கிணி வாய்ச் செய்த தாமரைப் பூப்போலே”. பாதி மலர்ந்த தாமரைக்கும், மெல்லத் திறக்கும் கண்ணுக்கும் ஆண்டாள் உவமை தேடியது கிண்கிணியின் பிளந்த வாயில். குரோட்டலின் அடியில் இருப்பதும் அதே வாய்தான்.

ஆனாலும் கிண்கிணி என்றதும் குழந்தையின் கால்தான் நினைவுக்கு வரும். சேணத்தில் கட்டியதற்கு, வண்டி மாட்டின் கழுத்தில் நாம் கட்டும் சலங்கையே பொருத்தமான பெயர். ‘இரும்புப் பரலுடைய வார்ப்புச் சலங்கை மணி’ என்று எழுதினால் பார்க்காதவருக்கும் பொருள் கண்முன் வரும். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. அயர்லாந்தின் டவ்ரிஸ் புதையலில் கிடைத்த, வெண்கலக் காலத்தைச் சேர்ந்த பேரிக்காய் வடிவப் பொருள்களையும் குரோட்டல் என்றே அழைக்கிறார்கள். அவை எதற்குப் பயன்பட்டன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அவற்றைச் சலங்கை என்று சொல்லாமல் குரோட்டல் என்றே எழுதுவது நல்லது.