மூடிப் பலகையில் உள்ள பெயர் தயாரித்தவருடையதுதானா?

லண்டனில் பழைய பியானோக்களைச் செப்பனிட்டுச் சுருதி சேர்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, கட்டைகளை மூடும் பலகையில் பொன்னெழுத்தில் உள்ள பெயருக்குரியவர் யார் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பிராட்வுட் என்ற பெயர்பெற்ற பியானோ நிறுவனம் என்றால் கவலையில்லை. அந்நிறுவனத்தின் பதிவேடுகள் வோக்கிங் நகரிலுள்ள சரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. யாரும் கேள்விப்படாத பெயராக இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பகுதிகளில் நெருங்கிக் கிடந்த சிறு பட்டறைகளில் பல, சுத்திகளும் அவற்றை இயக்கும் பொறியமைப்பும் உட்பட முக்கியப் பாகங்களை வெளியில் வாங்கிப் பூட்டியவையே. அப்படி உருவான பியானோவை வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்பது கடைக்காரர்களின் வழக்கம். ஆகவே நாம் தேடும் மனிதர் உளியையே தொடாத வணிகராகவும் இருக்கலாம். பொறியமைப்பில் குத்தியுள்ள எண்ணும் அதைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் எண்ணாக இருக்கக்கூடும் என்பதால், அதைப் பியானோவின் வரிசை எண்ணாகக் கொள்ளக் கூடாது.

நான் முதலில் தேடுவது பியானோவில் ஒட்டியுள்ள சீட்டின் முகவரியை. லண்டனின் அஞ்சல் வட்டங்கள் 1857-58இல் வந்தன. அவற்றுக்குள் எண்கள் 1917இல் சேர்க்கப்பட்டன. எனவே 'என்.டபிள்யூ. 1' என்றிருந்தால் அந்தச் சீட்டு 1917க்கு முந்தையதன்று. எண் இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது, ஏனெனில் பழக்கத்தால் அதை விட்டவர்கள் உண்டு. அடுத்து, ஆண்டுதோறும் வெளிவந்த அஞ்சலக லண்டன் முகவரிக் கையேடுகளில் அந்தப் பெயர் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று பார்க்கிறேன். மறைந்த ஆண்டை ஒட்டிய 'லண்டன் கெஜட்' என்ற அரசிதழில் திவால் அறிவிப்போ கூட்டாண்மை கலைந்த அறிவிப்போ கிடைத்துவிட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். தெருப்பெயர்களும் கதவெண்களும் பலமுறை மாற்றப்பட்ட ஊர் இது என்பதால், முகவரி வேறாக இருப்பதைக் கண்டவுடன் பட்டறை இடம் மாறியதாக எண்ணிவிடவும் கூடாது.

தந்திகளுக்கு முன், ஒலியடக்கிகளை இயக்கும் கம்பிகள் கூண்டுபோல் நிற்கும் அமைப்பைக் கண்டதும் விக்டோரியா காலத்தது (1837-1901) என்று விற்பவர்கள் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் அது செய்யப்பட்டது.

உறுதியான சான்று பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் தொழிலாளரின் முத்திரையோ, சுருதி சேர்த்தவர் பென்சிலால் எழுதிய தேதியோ இருக்கக்கூடும்; மெருகூட்டக் கொடுக்குமுன் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலத்தில் நானே ஒரு கட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். அதிலிருந்த ஆண்டில் 18 என்ற முதல் இரண்டு இலக்கங்கள் மட்டுமே எஞ்சின.