ஈரம் 18 சதவீதம் என்றால் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா?

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டங்களுக்குப் போனால் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: மேல்மண் வெளுத்துக் கிடக்கும், த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரைப் போட்டுவிடும், மண்ணுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு சாண் தோண்டினால் உள்ளே நல்ல ஈரம் இருக்கும். போர் ஆயிரம் அடி தாண்டிப் போகிற பகுதியில் இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இப்போது சிலர் ஈரமானி வாங்கிக் குத்திப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "சார், 18 சதவீதம் காட்டுது, போதுமா?" என்று போனில் கேட்டால், எந்த மண் என்று தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

மழையோ பாசனமோ முடிந்து, பெரிய துளைகளில் இருந்த நீர் கீழே வடிந்த பிறகு மண் பிடித்து வைத்திருக்கும் அளவை வயல் கொள்திறன் என்கிறோம். அதற்குப் பிறகு வேர் உறிஞ்ச உறிஞ்ச, மிச்ச நீரை மண்துகள்கள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கம் சுமார் 15 பார் அழுத்தத்தைத் தொட்டால் பயிரால் இழுக்க முடியாது, வாடிவிடும். மணல் கலந்த செம்மண்ணில் 18 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட வயிறு நிறைந்த நிலை. நல்ல களிமண்ணில் அதே 18 சதவீதத்தில் செடி வாடிக்கொண்டிருக்கும். ஈரம் இருக்கும், செடிக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

நம் செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீரைப் பயிருக்குக் கொடுக்கும். தக்காளி வேர் பெரும்பாலும் 45 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் கையில் இருப்பது நாலரை சென்டிமீட்டர், அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்சிவிட வேண்டும். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவானால் சுமார் நாலு நாள் தாங்கும். சரளை அதிகம் என்றால் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கல் தண்ணீர் பிடிப்பதில்லை. தீர்ந்தது இரண்டேகால் சென்டிமீட்டர்தான் என்னும்போது வாய்க்காலில் ஐந்து சென்டிமீட்டர் விட்டால் பாதிக்கு மேல் வேருக்குக் கீழே போகிறது, போட்ட யூரியாவில் ஒரு பங்கையும் கூட்டிக்கொண்டு. ஏக்கருக்கு ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 40,000 லிட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் வெள்ளம், அப்புறம் ஒரு வாரம் காய்ச்சல் என்று விட்டால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது, பூச்சி மருந்துக்குக் கேட்காது.

எதை வைத்து அளப்பது? ஆய்வகத்தில் ஈரமண்ணை எடை போட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து, மறுபடி எடை போடுகிறோம். 100 கிராம் 88 ஆனால், 12ஐ 88ஆல் வகுக்க 13.6 சதவீதம். நம்பகமான முறைதான், ஆனால் முடிவு வருவதற்குள் தோட்டத்தில் வேளை கடந்துவிடும். மின்னணுக் கருவிகள் மண்ணின் மின்தன்மையை வைத்து ஈரத்தைக் கணிக்கின்றன. துகளுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1 என்று இருக்கும் மின்கடவா எண் (ஒரு பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) தண்ணீருக்கு 80 என்பதால் ஈரம் மாறினால் உடனே தெரிந்துவிடும். சரளையில் சரியாகப் பதியாமல் இடைவெளி விழுந்தால் மட்டும் தப்பான எண் வரும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டியில் எண்ணே இல்லை, நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகள்தான், சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும்.

மண் நீரைப் பிடித்திருக்கும் இறுக்கத்தை அளக்கும் டென்சியோமீட்டரை நான் அதிகம் சொல்வதற்குக் காரணம், அது எவ்வளவு நீர் என்று சொல்லாமல் வேர் எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறது என்று காட்டுகிறது. சொட்டுநீர்க் காய்கறிக்கு நம் செம்மண்ணில் 30, 40 சென்டிபார் (நூறு சென்டிபார் ஒரு பார்) வந்தால் மோட்டார் போடலாம். 80க்கு மேல் அது வேலை செய்யாது.

கருவி எதுவும் இல்லையா? சரி, சொட்டுவானுக்கு ஒரு சாண் தள்ளி வேர் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, தட்டினால் உடைந்தால் இன்றைக்கு மோட்டார் வேண்டாம். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் போடுங்கள். பாய்ச்சிய மறுநாள் இரண்டடி ஆழத்திலும் பாருங்கள், அங்கே சொதசொதவென்று இருந்தால் அடுத்த முறை ஓட்டும் நேரத்தைக் குறைக்கலாம்.