கூட்டிப்போன நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஒரு திங்கட்கிழமை காலை, தருமபுரி கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மலையோரக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகனை "விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று போலீசார் கூட்டிப்போயிருக்கிறார்கள். இரண்டு நாளாக ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"எத்தனை மணிக்கும்மா கூட்டிப்போனாங்க?"

"விளக்கு வைக்கிற நேரம் சார். பால் ஊத்திட்டு இருந்தேன்."

பால் சொசைட்டி அட்டையை எடுத்துவரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தேதியும் சாயங்கால லிட்டரும் அதில் இருந்தன. ஆறரை மணிக்குள் பால் எடுத்து முடித்துவிடுவோம் என்றார் சொசைட்டிக்காரர். அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே பையனை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் கைது நேரம் திங்கள் காலை 6 மணி. அட்டையைக் காட்டியதும் மாஜிஸ்திரேட் பையனிடமே கேட்டுப் பதிவு செய்தார். மருத்துவப் பரிசோதனைக்கும் உத்தரவிட்டார்.

கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்வது இது. அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதைக் காட்ட வீட்டாரிடம் ஏதாவது இருக்க வேண்டும். முன்பெல்லாம் எஸ்.பி.க்குத் தந்தி கொடுப்போம், அதில் நேரம் விழுந்துவிடும். 2013-இல் தந்தி சேவை நின்றுபோனது. இப்போது மின்னஞ்சல் அனுப்பலாம். யார் வந்தார்கள், எந்த வண்டி, எத்தனை மணி என்று நான்கு வரி தமிழில் எழுதி அன்று இரவே எஸ்.பி. ஆபீசுக்கு அனுப்பினால் போதும்.

அடைத்து வைத்திருக்கும் ஆளை நேரில் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் எப்போது போட வேண்டும் என்பதில்தான் குழப்பம். ஆளைக் காட்டாமல் வைத்திருக்கும்போது அது பலமான ஆயுதம். மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்டு முறையாக ரிமாண்ட் ஆகிவிட்டால் பெரும்பாலும் நிற்காது. அப்புறம் ஜாமீன்தான் வழி. அந்த அம்மா சனிக்கிழமை இரவே வந்திருந்தால் என் வேலையே வேறாக இருந்திருக்கும். அதை இன்னும் நினைத்து வருந்துகிறேன்.

நம் தருமபுரி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் சென்னைதான். அவ்வளவு தூரமா என்று தயங்குகிறவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு வழி உண்டு. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டோ கோட்டாட்சியரோ தேடுதல் வாரண்ட் பிறப்பிக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 100-வது பிரிவு, பழைய சட்டத்தில் 97. அடைத்து வைத்தது தனியார் என்றாலும் பொருந்தும். கொத்தடிமையாகப் பிடித்து வைத்திருக்கும் இடங்களில் இது மிகவும் உதவும்.

வேறு சாதியில் கல்யாணம் செய்த பெண்ணை வீட்டில் பூட்டி வைத்தாலும் இதே கதவுகள்தான். இங்கே பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணைக் காணோம் என்று நீங்கள் ஆட்கொணர்வு மனு போட்டாலும், மேஜரான பெண்ணிடம் நீதிபதிகள் அவள் விருப்பத்தைத்தான் கேட்பார்கள். அவள் சொல்கிற இடத்துக்குப் போக விடுவார்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

நடந்து முடிந்த கொடுமைக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் காலம் பிடிக்கும். நம் மாவட்டத்து மலைவாழ் மக்கள் கிராமமான வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் சேர்ந்து நடத்திய கொடுமை நடந்தது 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-இல். அதை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023-இல்.

வக்கீல் வைக்கக் காசில்லையே என்று யாரும் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். 15100-க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். பேசும்போது முதலில் அந்த நேரத்தைச் சொல்லுங்கள்.