வாலடைல்: 'நிலையற்ற' என்றால் போதுமா?

'வாலடைல்' (volatile) என்ற ஆங்கிலப் பெயரடைக்கு அகராதியைப் புரட்டினால் முதலில் 'நிலையற்ற' என்றுதான் இருக்கும். தப்பில்லை. ஆனால் கால் ஆடும் நாற்காலியும் நிலையற்றதுதான். அதை யாரும் வாலடைல் என்பதில்லை. சட்டென்று, எதிர்பாராமல் மாறிவிடுவதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

வேர் லத்தீன். 'வொலாரே' என்றால் பறத்தல். 'வொலாட்டிலிஸ்' என்றால் பறக்கக்கூடியது. இடைக்கால ஆங்கிலத்தில் பறவைகளையே இந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள். நாம் ஆடும் வாலிபாலில் உள்ள 'வாலி'யும் பிரெஞ்சு வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். (அடிக்கடி ஏறி இறங்குகிறதே என்று வோல்டேஜையும் இந்த உறவில் சேர்த்துவிட வேண்டாம். அது வோல்ட்டா என்ற இத்தாலிய விஞ்ஞானியின் பெயரால் வந்தது.)

பறந்துபோவது என்ற பொருள் வேதியியலில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. பெட்ரோல், ஸ்பிரிட், திறந்து வைத்தால் கரைந்தே போகும் கற்பூரம் எல்லாம் வாலடைல். இங்கே தமிழில் 'எளிதில் ஆவியாகும்' என்பதே சரி. கணினியில், கரண்ட் போனதும் உள்ளதை மறந்துவிடும் ரேமுக்கு 'அழிதகு நினைவகம்' என்ற கலைச்சொல் இருக்கிறது. எனக்குப் பிடித்த ஆக்கம் அது.

குழப்பம் பங்குச்சந்தையில்தான். வாலடைல் என்றாலே சரிவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 2024 ஜூன் 3 அன்று, தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பி, பங்கு விலைக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் தேர்தல் முடிவு வந்ததும் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. 5ஆம் தேதி மறுபடியும் 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். இந்த மூன்று நாளும் சேர்ந்துதான் வாலடைல். தேசிய பங்குச்சந்தையின் இந்தியா விக்ஸ் குறியீடும் அடுத்த 30 நாளில் ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்ற சந்தையின் எதிர்பார்ப்பைத்தான் காட்டும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஆகவே 'ஏற்ற இறக்கம் மிகுந்த' என்று எழுதினால் பொருள் கெடாது.

ஊர் நிலவரத்துக்கு 'பதற்றமான' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, அது போதும். ஆளைச் சொல்வதென்றால் 'சட்டென்று கொதிக்கிற' எனலாம். பேச்சில் இன்னும் சுலபம்: நேரத்துக்கு ஒரு புத்தி.