“ஃபண்ட் வரலைம்மா”: கடலூர் மாணவிகளின் கல்விப் பணம் எங்கே நிற்கிறது?

கல்லூரி அலுவலக ஜன்னலில் நிற்கும் பெண்ணுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: “டெல்லியில இருந்து ஃபண்ட் வரலைம்மா, அடுத்த வாரம் வா.” சில உதவிகளுக்கு இது உண்மை. சிலவற்றுக்குச் சுத்தப் பொய். இல்லாவிட்டால் சொல்பவருக்கே விவரம் தெரியாது. எந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முழுக்க மாநில அரசின் பணம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமாகப் போய்க்கொண்டிருந்தது, 2022 செப்டம்பர் 5 முதல் படிப்புக்குத் திருப்பப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர் மாணவிகளின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2020-21 முதல் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். டெல்லி நிறுத்தி வைத்ததாகச் செய்திகளில் அடிபட்ட சமக்ர சிக்ஷா என்ற மத்திய நிதி, 2024-25க்கான 2,152 கோடி, பள்ளிகளுக்கானது. அது நின்றதில் அடி வாங்கியவை உண்டு உறைவிடப் பள்ளிகள் போன்றவை. அதற்கும் கல்லூரிப் பெண்ணின் ஆயிரம் ரூபாய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயிரம் வரவில்லை என்று கேட்கப் போனவளிடம் டெல்லியைக் காட்டினால், அந்த இடத்திலேயே “இது மாநிலத் திட்டம் சார்” என்று சொல்லுங்கள்.

புதுமைப் பெண்ணுக்குத் தகுதி, வாசிக்க எளிது: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு, டிப்ளமோ அல்லது ஐடிஐ சேர்ந்திருக்க வேண்டும். நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிதான். குடும்ப வருமான வரம்பு கிடையாது, சாதி பார்ப்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. “நீ ஏற்கெனவே ஸ்காலர்ஷிப் வாங்குற, இது கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தபால் வழிப் படிப்புக்கும் எம்.ஏ., எம்.எஸ்சி.க்கும் கிடையாது.

சிக்கல் இனிமேல்தான். 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளி மாணவிகளையும் சேர்த்தார்கள். ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களை மட்டும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்து உதவிபெறும் பள்ளிகளில் ஒரே கட்டடத்துக்குள் தமிழ்வழி வகுப்பும் ஆங்கிலவழி வகுப்பும் நடக்கும். பெற்றோருக்கு அது ஒரே பள்ளி. கணினிக்கு அது இரண்டு. மாற்றுச் சான்றிதழில் பயிற்று மொழி என்ன எழுதியிருக்கிறது என்று கல்லூரி சேரும் முன்பே பாருங்கள். தமிழ்வழியில் படித்தவளுக்குத் தவறாக ஆங்கிலம் என்று விழுந்திருந்தால், தலைமையாசிரியரிடம் அப்போதே திருத்தி வாங்கிவிட வேண்டும். கல்லூரியில் ஆறு மாதம் கழித்துப் போனால், பள்ளிக் கல்வித் துறைத் தளமான எமிஸில் உள்ள பழைய பதிவைத் தோண்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

இன்னொரு பள்ளம் எல்லைக்கோடு. ரெட்டிச்சாவடி, கங்கணாங்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரிப் பள்ளி கூப்பிடு தூரம். நடுவில் இரண்டு வருடம் அங்கே படித்திருந்தாலும் 6 முதல் 12 என்ற சங்கிலி அறுந்துவிடும். அது அரசுப் பள்ளியாகவே இருந்தாலும், வேறு அரசின் பள்ளி. இங்கே பன்னிரண்டு வருடமும் படித்துவிட்டுப் புதுச்சேரிக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஆயிரம் வராது. விண்ணப்பம் போவது தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் விவரங்களுக்கான யுமிஸ் தளம் வழியாக. புதுச்சேரிக் கல்லூரி அதில் இல்லை. மூன்று வருடத்தில் 36,000 ரூபாய். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பஸ் தூரத்தோடு இதையும் கணக்குப் போடுங்கள்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவளுக்கும் உண்டு. இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். ஆதாரம் அந்தத் தனியார் பள்ளி தரும் சான்று. கட்டண பாக்கி என்று பள்ளி இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

விண்ணப்பம் நீங்களாக பிரவுசிங் சென்டரில் போடுவதல்ல. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார், அவர்தான் ஏற்றுவார். கேட்க வேண்டியது “போட்டாச்சா?” அல்ல. அதற்கு “ஆச்சு” என்றுதான் பதில் வரும். “எந்த நிலையில் இருக்கு, காட்டுங்க” என்று கேட்டு, திரையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து வங்கி. பெரும்பாலான பணம் தொலைவது இங்கேதான். “ஆதார் லிங்க் ஆகியிருக்கு” என்று வங்கிக்காரர் சொல்வது, கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே. அரசுப் பணம் வர, வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் அமைப்பான என்பிசிஐயில் எந்த வங்கிக்கு அனுப்புவது என்ற மேப்பிங் வேறாக ஆகியிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் சீடிங். ஒரு ஆதாருக்கு ஒரே நேரத்தில் ஒரே வங்கிதான் மேப் ஆகும். கடைசியாக மேப் ஆன கணக்குக்குத்தான் பணம் போகும். சிம் வாங்கிய கடையில் விரல் வைத்தபோது ஏதோ ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கும் சேர்த்துத் திறந்திருப்பார்கள். பணம் அங்கே மாதாமாதம் விழுந்துகொண்டிருக்கும். பிள்ளை பழைய பாஸ்புக்கை அச்சடித்து அச்சடித்து அலுத்துப் போவாள்.

மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்தால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ இருக்கும். வங்கி பெயர், ஆக்டிவா இல்லையா, எந்தத் தேதி என்று காட்டும். வேறு வங்கி வந்தால், உங்கள் கிளையில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம்.

பள்ளியில் படிக்கும்போது திறந்த மைனர் கணக்கு 18 வயதானதும் புதிதாகக் கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, கேட்கும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும். முதல் ஆண்டு சேர்ந்ததும் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

பெயரும் ஒத்துப்போக வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னே, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னே. திருத்துவதானால் ஆதாரைத் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்தப் போனால் ஆண்டு போய்விடும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அவசரத்தில் தப்பாக அடிக்கவிட்டு அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். 15 வயதில் கைரேகை புதுப்பிக்காத ஆதாரும் எதிர்பாராத நேரத்தில் காலை வாரும்.

இனி போஸ்ட் மெட்ரிக். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் டெல்லிச் சாக்கு ஓரளவு நிஜம்: மாநிலம் தன் 40 பங்கை விட்ட பிறகுதான் மத்தியின் 60 பங்கு வரும். ஒரு பக்கம் தாமதித்தால் மறுபக்கமும் நிற்கும். ஆனால் அந்தத் தாமதத்துக்கு மாணவியைப் பிடித்து நிறுத்த முடியாது. சுயநிதிக் கல்லூரிகளில் எஸ்சி, எஸ்டி மற்றும் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது 2012 செப்டம்பர் 11இன் அரசாணை எண் 92. எண்ணையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள், “ஏதோ ஜி.ஓ. இருக்காமே” என்று கேட்டால் மதிக்க மாட்டார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது.

மத்தியப் பங்கு நேராக மாணவியின் கணக்கில் விழும், கல்லூரிக் கட்டணமும் சேர்த்து. வீட்டில் அது உதவித்தொகை என்று நினைத்து வட்டிக் கடனை அடைத்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் கல்லூரி கேட்கும், ஹால் டிக்கெட் நிற்கும். பணம் விழுந்த உடனே, இதில் கட்டணம் எவ்வளவு, பராமரிப்புப் படி எவ்வளவு என்று கல்லூரியில் கேட்டுப் பிரித்து வையுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ. என்று ஏறி இறங்க நாளாகும். ஸ்காலர்ஷிப் தளம் திறந்த பிறகு ஓடாமல், ஜூனிலேயே வாங்கி வையுங்கள்.

கல்லூரி “சமூக நல அலுவலகம்” என்னும், அங்கே போனால் “பேங்க்” என்பார்கள், பேங்கில் “கல்லூரியைக் கேளு” என்பார்கள். இந்த வட்டத்தை இரண்டாவது சுற்று சுற்றாதீர்கள். சீடிங் நிலை அச்சு, முத்திரை போட்ட நகல், கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைட் சான்று மூன்றையும் இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து எண் வாங்குங்கள். வேலையை விட்டு வர முடியாதவர்கள் அரசின் குறைதீர்ப்பு எண்ணான 1100க்கு அழைத்துப் பதியலாம். அப்போதும் எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். “பரிசீலனையில் உள்ளது” என்று மனுவை முடித்துவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: “என் விண்ணப்பம் எந்தத் தேதி முதல், எந்த அலுவலரின் மேசையில், என்ன காரணத்தால் நிலுவையில் உள்ளது?” 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.