இன்வெர்ட்டர் எழுப்பும் இரைச்சல்: பிறப்பிடமும் வழித்தடமும்

மின்வெட்டு வந்ததும் இன்வெர்ட்டர் கைகொடுக்கிறது. ஆனால் அதுவரை ஓசையின்றிச் சுழன்ற மின்விசிறி உறுமத் தொடங்குகிறது. வானொலியில் நிலையம் கேட்ட இடத்தில் கரகரப்பு எழுகிறது. ஆம்பிளிஃபயரில் ஒரு ரீங்காரம் ஏறிக்கொள்கிறது. இம்மூன்றையும் ஒரே கோளாறாக எண்ணி, கடையில் கிடைக்கும் வடிகட்டி ஒன்றை வாங்கி மாட்டுவோர் பலர். இரைச்சல் எவ்வழியாக வருகிறது என்பதைக் கண்டறியாமல் செய்யும் அந்தச் செலவு பெரும்பாலும் வீண்தான்.

விசிறியின் உறுமல் அலையின் வடிவத்தைப் பொறுத்தது. மின்வாரியம் தருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். அதன் மின்னழுத்தம் வளைந்து ஏறி வளைந்து இறங்கும் சைன் அலை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை இருபுறமும் சட்டென மாற்றி மாற்றி அனுப்புவதால் கிடைப்பது சதுர அலை. மீண்டும் மீண்டும் வரும் எந்த அலையையும் சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியேயின் முறைப்படி பார்த்தால், 50 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் 150 ஹெர்ட்ஸ் அலை மூன்றில் ஒரு பங்கு வலிமையுடனும், 250 ஹெர்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்குடனும், 350 ஹெர்ட்ஸ் ஏழில் ஒரு பங்குடனும் அடங்கியிருக்கின்றன. விசிறிக்குப் பயன்படுவது 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. மற்றவை சுருளிலும் இரும்புத் தகடுகளிலும் வெப்பமாகவும் அதிர்வாகவும் மாறுகின்றன. வாரிய மின்சாரத்திலும் விசிறி 100 ஹெர்ட்ஸில் மெல்ல முனகத்தான் செய்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நம் காது மந்தமாக இருப்பதால் அது தெரிவதில்லை. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்கள் சேரும்போதுதான் உறுமலாகக் கேட்கிறது.

ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைக்கும்போது உறுமல் வெகுவாகக் குறைந்தால், ரெகுலேட்டருக்கும் அதில் பங்கு உண்டு. குறையாவிட்டால் சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறுவதே தீர்வு. சதுர அலையை வீட்டில் வைத்துச் சீராக்கும் மலிவான வழி எதுவும் இல்லை.

சைன் அலை இன்வெர்ட்டரும் இரைச்சலற்றது அன்று. அதிலுள்ள மோஸ்ஃபெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, அத்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தே சைன் வடிவத்தை உருவாக்குகின்றன. நொடிக்கு 20,000 முறை என்று கொண்டால், சதுர அலையில் போலவே இத்துடிப்புகளிலும் அடங்கியிருக்கும் அதன் மடங்குகளில் 27-ஆவது 540 கிலோஹெர்ட்ஸ். வானொலியின் மத்திய அலை வரிசை தொடங்கும் இடம் ஏறக்குறைய அதுவே. உள்ளிருக்கும் சுருளும் கண்டென்சரும் இதைப் பெருமளவு தடுத்தாலும், மிஞ்சுவது கம்பிகளில் ஏறுகிறது. வீட்டு ஒயரிங் முழுவதும் அதற்கு ஆண்டெனாவாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பேட்டரியில் இயங்கும் சிறிய வானொலி ஒன்று போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் அதை வைத்து, இன்வெர்ட்டரின் அருகிலிருந்து மெல்ல விலகி நடக்க வேண்டும். சில அடிகளிலேயே கரகரப்பு அடங்கினால் அது பெட்டியிலிருந்தும் பேட்டரி ஒயர்களிலிருந்தும் காற்றில் பரவுவது. ஒவ்வொரு சுவிட்ச் போர்டின் அருகிலும் மீண்டும் தலைதூக்கினால் கம்பி வழியே செல்வது. பிறகு எல்.இ.டி. விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். அவற்றுள்ளும் இதே போன்ற சுற்றுகள் இருப்பதால், பழி இன்வெர்ட்டர் மீது தவறாக விழுவதுண்டு. மின்சாரம் திரும்பிய பின்னும் இரைச்சல் நீடித்து, பேட்டரி நிரம்பியதும் நின்றால், காரணம் சார்ஜ் செய்யும் பகுதி.

பேட்டரி ஒயர்களைப் பலர் கவனிப்பதே இல்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 600 வாட் எடுக்கும்போது அவற்றில் 50 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. அதுவும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கியபடி ஓடுகிறது. சிவப்பும் கறுப்பும் விலகிக் கிடந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்புக்கு ஏற்பக் காந்தப்புலம் வெளியே விரியும். இரண்டையும் குட்டையாக வைத்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினாலே அப்புலம் பெருமளவு குறையும். முனைகளில் படியும் வெள்ளைப் பொடியைத் துடைத்து, திருகுகளை இறுக்க வேண்டும். அதற்கு முன் இன்வெர்ட்டரை அணைப்பது கட்டாயம். ஸ்பேனர் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

ஆம்பிளிஃபயரின் ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் எர்த் இணைப்பே காரணம். ஆம்பிளிஃபயர் இன்வெர்ட்டர் லைனிலும், கணினி நேரடி லைனிலும் இருந்து, இரண்டையும் ஆடியோ கேபிள் இணைத்தால், இரு எர்த் முனைகளுக்கும் இடையிலான சிறு மின்னழுத்த வேறுபாடு அந்தக் கேபிளின் உறை வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலர் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். ரீங்காரம் நிற்கவும் கூடும். ஆனால் சாதனத்துக்குள் மின்கசிவு ஏற்பட்டால், அதன் உலோக உறை தொடுபவரின் உயிரைப் பறிக்கும் நிலைக்கு வந்துவிடும். எக்காரணம் கொண்டும் அதைச் செய்யக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கரகரப்பு மிஞ்சினால்தான் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப்பொருள்) வளையமும் வடிகட்டியும் தேவைப்படும். ஒயரின் மேல் ஒருமுறை கவ்வும் சிறிய ஃபெரைட் மத்திய அலையில் அதிகம் பயன்படாது. பெரிய வளையத்தில் ஒயரைப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். சுற்றுகள் இரட்டித்தால், உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் தன்மையான தூண்டல் நான்கு மடங்காகும். உலோகப் பெட்டியில் வரும் வடிகட்டி, இரைச்சலின் ஒரு பகுதியை எர்த்துக்கே திருப்பிவிடுகிறது. எர்த் சரியில்லாத வீட்டில் அதைப் பொருத்தினால் இரைச்சல் குறையாததோடு, பெட்டியைத் தொடும்போது விறுவிறுப்பும் தெரியும்.